அடக்க ஆராதனையில் ஆசியக் கோப்பை

மேடையில் ஏறினால் கை கால் நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடுவேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்களால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. எனக்கு அந்த நடுக்கம் கிடையாது. மைக்கைக் கண்டாலே ஒரு தைரியம் வந்துவிடும். நிறுத்துகிற இடம் மட்டும் தெரியாது. நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். மணி அடித்த பிறகும் வகுப்பை விட்டு வெளியே வராதவன் என்று ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர். அடுத்த பாடவேளைக்காக வாசலில் நிற்கும் கணக்கு ஆசிரியர் அங்கே தனக்கென்று ஒரு நாற்காலியே போட்டுக்கொண்டார் (மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், நாற்காலி இன்னும் கிடக்கிறது).

வகுப்பறையில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் தூங்கி எழுந்து போய்விடுவார்கள். ஆனால் இந்தக் குணத்தை நான் என் மாமியாரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாமியார் பெயர் ரோஸ்லெட். குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கு 'பி.டி. டீச்சர்'. நான் பெண் பார்க்கப் போன அன்று அந்த வீட்டில் எல்லோரும் என் வேலையைப் பற்றியும் சபையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அச்சுமுறுக்குத் தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு, "பந்துகளி காணுவியளா?" என்று கேட்டார். காணுவேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் உலகக் கோப்பை எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். என்னுடன் வந்த சித்தப்பா என் காலை மிதித்தார். பெண்ணின் தாய்மாமன் கொட்டாவி விட்டார். மாமியார் கடைசி வரை முகம் சுளிக்காமல் கேட்டார்.

"அம்மாதான் ஒங்கள வேணும்னாவ. நான் பிறகுதான் சம்மதிச்சேன்" என்று என் மனைவி ஜெபா இன்றைக்கும் சொல்வாள்.

திருமணமாகி ஒரு வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியாரும் நானும் ஏதோ ஒரு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரணிக்காரன் தனியாகப் பந்தோடு வர, கோல்கீப்பர் கம்பத்தோடு ஒட்டி நின்று கோலை வாங்கிக்கொண்டார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "முன்ன கேறி வரணும்லா! கோழிக்கோட்டில எங்களுக்கு முதல் நாளே அதத்தான் சொல்லித் தந்தாவ" என்றார்.

"கோழிக்கோட்டில என்ன அத்தே?" என்று கேட்டேன்.

"ஆசியாக் கப்பு. பொம்பளைகளுக்குள்ளது. இந்தியா டீம்ல ரெண்டாவது கோல்கீப்பராட்டு போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என் கையிலிருந்த, பால் விடாத கட்டஞ்சாயா வேட்டியில் கொட்டியது. கோழிக்கோட்டில் நடந்த அந்தப் போட்டியைப் பற்றி நான் படித்திருக்கிறேன். இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போய் தைவானிடம் இரண்டு கோலில் தோற்ற போட்டி. அந்த அணியில் இருந்தவர் ஒரு வருடமாக எனக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறார்! கேள்விகளை அடுக்கினேன். எத்தனை ஆட்டத்தில் இறங்கினீர்கள்?

"ஒண்ணுலயும் இல்ல மாப்ளே. நான் பெஞ்ச காத்தேன். நான் இருந்த வரைக்கும் பெஞ்சுக்கு ஒரு கேடும் வரல்ல."

எப்படிப் போனீர்கள்?

"ரயில்ல."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. மீதியை ஜெபாதான் சொன்னாள். கல்லூரியில் படிக்கும்போது நடந்தது இது. ஆனால் ஊரில் யாருக்கும் தெரியாது. ரோஸ்லெட் சபையின் வாலிபர் முகாமுக்குப் போயிருந்தாள் என்றுதான் ஊர் நம்பியது. அப்படிச் சொல்லிவைத்தவர் மாமியாரின் அண்ணன், நான் பெண் பார்க்கப் போனபோது கொட்டாவி விட்ட அதே டென்னிசன் மாமா. தங்கச்சி நிக்கர் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கப் பந்து விளையாடினாள் என்றால் சம்பந்தம் வராது என்று பயம். சம்பந்தம் வந்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, மாமனார் காலமானார், பிள்ளைக்குக் கல்யாணமும் ஆனது. வாலிபர் முகாம் மட்டும் அப்படியே இருந்தது. ஜெபாவுக்கு மாமா மேல் இருந்த ஒரே மனத்தாங்கல் இதுதான். சபைக் கமிட்டியில் மாமா வைத்ததுதான் சட்டம். ரப்பர் விலையைப் பற்றிப் பேசும்போதுகூடத் தீர்ப்பு சொல்கிற மாதிரிதான் பேசுவார். அவர் முன்னால் இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கொரோனாவின் மூன்றாவது அலை அடித்த ஜனவரியில் அந்த ஆசியக் கோப்பை மறுபடியும் இந்தியாவுக்கு வந்தது. மாமியார் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஈரானோடு முதல் ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்தது தைவான். அன்றைக்கு ஞாயிறு, முழு ஊரடங்கு. ஆராதனையைக்கூட போனில்தான் பார்த்தோம். மாமியார் காலையிலேயே குளித்து, கோவிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டி, தலை சீவி உட்கார்ந்துவிட்டார். நானும் ஜெபாவும் கேலி செய்தோம். அவர் சிரிக்கவில்லை. கோழிக்கோட்டில் அந்த இறுதி ஆட்டம் முழுவதையும் வெளியே உட்கார்ந்து பார்த்தவர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் நடக்கவில்லை. நம் அணியில் பலருக்குக் காய்ச்சல் பரவி, ஆள் இறக்க முடியாமல் போய், இந்தியா போட்டியிலிருந்தே வெளியேறியது. செய்தியை நான்தான் வாசித்துச் சொன்னேன். மாமியார் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"செரி, பிள்ளையளுக்கு சுகமாவட்டு" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தவர், "ஒருக்கா தைவான அடிச்சுக் காணணும்னு இருந்தேன் மாப்ளே" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் போய்விட்டார். காலையில் எழுந்து கோழிக்குத் தீனி போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் சபைகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்வது வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, வேலை, திருமணம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சபைக்குச் செய்த ஊழியம். இவ்வளவுதான். சொல்பவர் அழுது நிறுத்தினாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எங்கள் வீட்டுப் பெரிய சாவுகளில் எல்லாம் அதைச் சொல்பவர் டென்னிசன் மாமாதான். அவர் சொன்னால் பெண்கள் ஐக்கிய சங்கம் வரும், ஓய்வுநாள் பள்ளி வரும், கோழிக்கோடு வராது.

அழுது வீங்கிய முகத்தோடு ஜெபா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "இன்னைக்கு நீங்க பேசணும். மருமகன் கேட்டா மாமா மறுக்கமாட்டாவ" என்றாள்.

"நானா? என்ன பேசணும்?"

"ஒரே ஒரு வரி போதும். எங்க அம்மா இந்தியா டீம்ல இருந்தாவன்னு கோவில்ல வச்சு, எல்லாரும் கேக்க, ஒருக்கா சொல்லணும். அம்மா உசுரோட இருக்கும்ப யாரும் சொல்லல்ல. பெட்டிய மூடுததுக்கு முன்னயாவது சொல்லணும்லா?"

சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "ஒரு வரி, கேட்டியளா?" என்றாள் மறுபடியும். நான் கேட்டேன். ஆனால் வரலாறு படித்தவன் காதில் ஒரு வரி என்பது முன்னுரையின் முதல் வரி என்றுதான் விழும்.

மாமாவிடம் போனேன். மழையில் வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்ள பேசட்டு. எனக்கும் இன்னைக்கு வாய் வராது" என்றார். பிறகு தணிந்த குரலில், "நீட்டாண்டாம் மாப்ளே. குழி வெட்டிப்போட்டாச்சு, வெள்ளம் கேறுது" என்றார். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் வாளியோடு நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நானே பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

கோவில் நிறைந்திருந்தது. மாமியாரிடம் ஓடப் படித்த பெண்கள் வயதாகி, மூட்டு வலியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கையில் தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை (தாளைப் பார்த்துப் பேசுகிறவனை நான் ஆசிரியராகவே மதிப்பதில்லை, அப்போது அப்படி ஒரு திமிர்). பிறப்பு, படிப்பு, வேலை, திருமணம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். போதகர் தலையை ஆட்டினார். முன் பெஞ்சில் ஜெபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரியில் கோழிக்கோடு வந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் மூளைக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆசியக் கோப்பை என்று சொன்னால் இவர்களுக்கு என்ன புரியும்? கிரிக்கெட் என்று நினைத்துவிட்டால்? பெண்களுக்கு அந்தக் காலத்திலேயே ஆசியாவில் இப்படி ஒரு போட்டி இருந்தது என்பதை முதலில் நிறுவ வேண்டாமா? நிறுவினால்தானே மாமியாரின் பெருமை விளங்கும்? (அன்பினால்தான் செய்தேன். அதை இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.)

"அன்பானவர்களே," என்று ஆரம்பித்தேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் ஆண்டு. இடம், ஹாங்காங்."

ஜெபா கண்களை மூடிக்கொண்டாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். ஒருவேளை ஜெபித்திருக்கலாம்.

ஆசியப் பெண்கள் முதன்முதலாகக் கோப்பைக்காகக் கால்பந்து ஆடிய கதையைச் சொன்னேன். ஆண்களின் சம்மேளனம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், பெண்கள் கால்பந்துக்கென்றே தனியாக ஒரு சம்மேளனம் வைத்துப் போட்டி நடத்தினார்கள் என்று சொன்னேன். குரல் எனக்கே பிடித்திருந்தது. "அந்த முதல் கோப்பையை வென்ற நாடு எது தெரியுமா?" என்று வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டு, இடைவெளி விட்டு, "நியூசிலாந்து!" என்றேன்.

மூன்றாவது பெஞ்சில் தங்கையன் சார் இருந்தார். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். அவருக்குக் காது மந்தம், குரலுக்கு ஒரு குறையும் இல்லை. "நியூசிலாந்து எப்பம்டே ஆசியாவில வந்தது?" என்று கேட்டுவிட்டார்.

கோவிலில், அதுவும் அடக்க ஆராதனையில், இதற்குப் பதில் சொல்லாமல் விடலாம். எந்த மனிதனும் விடுவான். ஆனால் நான் ஆசிரியர். கேள்வி கேட்டவரும் ஆசிரியர். அந்தத் தனிச் சம்மேளனத்தில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் எப்படி இடம்பெற்றன என்று விளக்கினேன். அதை விளக்கினால் தைவான் வரும். தைவான் வந்தால் சீனாவைச் சொல்லாமல் எப்படி? எந்த நாட்டை யார் அங்கீகரித்தார்கள், ஆண்கள் கால்பந்தில் தைவானை ஏன் தள்ளிவைத்தார்கள் என்று போனேன். ஒரு சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று தைவான் பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்த ஒரே மருமகன் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

முன் பெஞ்சின் ஓரத்தில் டென்னிசன் மாமா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு விரலால் மேலே காட்டினார். கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. நானோ, தங்கச்சி பரலோகத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், தாராளமாகப் பேசு என்று மாமா ஊக்கப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன். மனம் நெகிழ்ந்துவிட்டது. இன்னும் விரிவாகப் பேசினேன்.

இரண்டாவது போட்டி தைப்பேயில். தைவான் வென்றது. அதையும் முடித்து, தொண்டையைச் செருமி, "மூன்றாவது போட்டி, சகோதர சகோதரிகளே, வேறெங்கும் நடக்கவில்லை. அது நடந்த இடம்..." என்று சொல்லி, எல்லோரும் ஆவலோடு கேட்கட்டும் என்று ஒரு நொடி நிறுத்தினேன்.

அந்த ஒரு நொடியில் கீபோர்டு ஒலித்தது.

எங்கள் கோவில்களில் கீபோர்டில் பாட்டின் முதல் அடி எழும்பினால் பிறகு எந்தப் பேச்சும் செல்லாது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. பேச்சு நீண்டுபோனால் இப்படிப் பாட்டை எடுத்துவிடுவது போதகர்கள் வைத்திருக்கும் மரியாதையான வழி. பேசுகிறவர் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். நான் இறங்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். பிறந்ததிலிருந்து கோவிலில் வளர்ந்த உடம்பு. பாட்டு எடுத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மைக் முன்னால் நின்றபடியே நானும் பாடினேன், எல்லாச் சரணங்களையும். என் சுருதி மற்றவர்கள் சுருதியோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு அது ஒலிபெருக்கியில் ரப்பர் தோட்டம் வரைக்கும் போனது.

பாட்டு முடிந்தது. போதகர் ஜெபித்தார். பெட்டியை மூடினார்கள். ஜெபா கேட்ட அந்த ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் பேசியிருந்தேன்.

எனக்கு மாமியார் மேல் எவ்வளவு பிரியம் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து நாற்காலி, வண்டி, பூ என்று அலைந்ததில் நான் அழவில்லை. பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கியபோது அழுகை வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். செத்த பிறகு நானும் வெளியிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஜெபா குடைக்குள் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் அந்த இரண்டு பேரும் இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். போதகர் சுருக்கமாக முடித்தார் (நேரத்தை எல்லாம் நான்தான் தின்றுவிட்டேனே). பெட்டியை இறக்கக் கயிறு போட்டார்கள். அப்போது ஜெபா குடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்றாள். குரல் நடுங்கியது. "எங்க அம்மா கோழிக்கோட்டில நடந்த ஆசியாக் கப்புக்கு இந்தியா டீம்ல போனவங்க. கோல்கீப்பராட்டு போனாவ. களத்தில இறங்கல்ல. ஆனா டீம்ல இருந்தாவ. இத ஒருக்கா சொல்லணும்னுதான் இவியள மைக் முன்னால கேறி நிக்கச் சொன்னேன்." என்னைக் கையால் காட்டினாள். "இவிய ஹாங்காங்ல இருந்து கப்பல் கேறவே இல்ல."

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். மாமியாரிடம் படித்த பெண்கள் அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். "ஏட்டி, டீச்சர் நம்மட்ட சொல்லவே இல்லியே!" என்று ஒருத்தி கேட்டது எனக்குக் கேட்டது. தங்கையன் சார் பக்கத்து ஆளிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்து, "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லாடே!" என்று கத்தினார். குழியில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

பிறகு சிரிப்பு அடங்கியது. எல்லோரும் டென்னிசன் மாமாவைப் பார்த்தார்கள். வாலிபர் முகாம் அவர் சொன்ன கதை. அவர் வாயால் சரி என்று சொல்லாதவரை ஊர் இதை நம்பாது. கோவிலில் பாட்டை எடுக்கச் சொல்லிக் கண் காட்டியதும் அவர்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. இவர் இப்போது மறுத்து ஒரு வார்த்தை சொன்னால், ஜெபா தன் தாயின் குழி மேட்டில் நின்று பொய் சொன்னவள் ஆகிவிடுவாள்.

மாமா குடையை மடக்கினார். ஏன் மடக்கினார் என்று தெரியவில்லை. நனைந்துகொண்டு நின்றார்.

"குழித்துறை ஸ்டேஷன்ல கொண்டு விட்டதே நான்தான்" என்றார்.

அந்தக் கனத்த குரல் கரகரத்தது. "பந்து களிக்கப் போறான்னு சொன்னா அப்பா விடமாட்டாவ. கேம்ப்னு நான்தான் சொன்னேன். சொன்னதினாலதான் அவ போனா. கோவில் மூப்பரு முதக்கொண்டு எல்லாரும் நம்பினாவ. பிறகு அந்தப் பொய்ய எங்க கொண்டு எறக்கி வைக்கதுன்னு எனக்குத் தெரியல்ல மக்களே." ஜெபாவின் தலையில் கையை வைத்தார். "ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் நினைப்பேன், இந்த வருஷம் சொல்லணும்னு."

ஜெபா அவர் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த அவ்வளவு கோபத்தையும் அவள் அன்றைக்கு அழுதே தீர்த்தாள் என்று நினைக்கிறேன். எனக்கோ 'ரயில்ல' என்று மாமியார் சொன்ன அந்த ஒற்றைப் பதில் காதில் கேட்டது. அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அதோடு நிறுத்தியிருக்கிறார். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணை மாமா போட்டார்.

பாட்டை எடுக்கச் சொன்னது யார் என்று பின்னால் விசாரித்தேன். மாமா இல்லை. போதகரும் இல்லை. கீபோர்டு வாசிக்கிற சாம்சன் தானாகவே எடுத்திருக்கிறார். "நீங்க நிறுத்தினியளா, முடிஞ்சுன்னு நினைச்சேன் சார்" என்றார். ஆவலைத் தூண்ட நான் விட்ட இடைவெளியில் ஆவல் வந்த ஒரே ஆள் அவர்தான்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எதை நீட்டினாலும், "ஹாங்காங்ல இருந்து தொடங்காண்டாம்" என்பார்கள். கறி வாங்க மறந்துவிட்டேன் என்பதற்கு நான் காரணம் சொல்லத் தொடங்கினால் என் மகள் வாயாலேயே கீபோர்டு வாசிப்பாள். ஜெபா எனக்கு ஒரு உத்தரவும் போட்டிருக்கிறாள். "நான் முந்திப் போனா நீங்க மைக் பக்கம் போவப்பிடாது. முன் பெஞ்சில இருந்து அழுதா போதும்." சம்மதித்திருக்கிறேன். அதற்கு அவசியம் வரக்கூடாது என்பதுதான் என் ஜெபம்.

மாமாவுக்குத்தான் வாய் திறந்துவிட்டது. அதன்பின் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் தங்கச்சியைப் பற்றிச் சொல்லாமல் எழுவதில்லை. முதலில் உள்ளபடிதான் சொன்னார். அடுத்த வருடம் அவர் கதையில் மாமியார் கையுறை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே தயாராக நின்றார். அதற்கடுத்த வருடம் களத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்தில் மாமா சொன்னபோது, இறுதி ஆட்டத்தில் தைவான்காரிகள் அடித்த பந்தை எல்லாம் மாமியார் பாய்ந்து பாய்ந்து பிடித்தார். "அப்பம் எப்படி ரெண்டு கோல் விழுந்தது?" என்று எதிரே இருந்தவர் கேட்டார்.

"அவ நின்னதினால ரெண்டு. இல்லன்னா அஞ்சு விழுந்திருக்கும்" என்றார் மாமா. பிறகு இலையிலிருந்து தலையைத் தூக்கி, "நம்ம மாப்ள ஹிஸ்டரி சாராக்கும், கேட்டுப் பாருங்க. என்ன மாப்ளே?" என்று என்னைப் பார்த்தார்.

ஒரு வருடத்தைத் தப்பாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறவன் நான். ஜெபா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பந்தி முழுவதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு, பாயசத்தைக் குடித்தேன்.